பேச்சிக்குப் போட்ட பூஜ்யம்

எலியாவின் பெண்கள் குஸ்திக் கம்பெனி பாறசாலைக்கு வந்தபோது, அந்த ஊரில் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசுவதே குறைந்துபோயிருந்தது. 1954-ஆம் வருடத்துக் கோடை. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் கொடி பிடித்தது. ஒரு பிடி மண் போகாது என்று இன்னொரு கூட்டம் மறித்தது. ஒரே பெஞ்சில் சாயா குடித்தவர்கள் கடை மாறினார்கள். கல்யாண வீடுகளில் யார் எந்தப் பந்தியில் உட்காருவது என்பதுகூட வழக்காயிற்று.

எலியா காஞ்சிரங்குளத்துக்காரன். இளவயதில் கப்பலேறிப் பினாங்குக்கு ஓடி, அங்கே ஒரு சர்க்கஸில் இருந்து, யுத்தம் முடிந்தபின் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியவன். அவனிடம் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பெயர்பெற்றவர்கள் இருவர். ஒருத்தி அம்பாசமுத்திரத்துப் பேச்சி. தூண் மாதிரி கால்கள், கன்னங்கரிய முகம், சிரித்தால் குழந்தை. மற்றவள் ஹருக்கோ. நோட்டீசில் ‘டோக்கியோ சிங்கம்’ என்று போட்டிருந்தாலும் அவள் டோக்கியோவைப் பார்த்ததில்லை. பினாங்கில் போட்டோ கடை வைத்திருந்த ஒரு ஜப்பான்காரரின் மகள். யுத்தத்தோடு தகப்பனும் கடையும் போய்விட, சர்க்கஸ் கூடாரத்தில் தமிழ்க்காரர்களோடு வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். மேடையில் மட்டும் பேசக்கூடாது என்பது எலியாவின் கட்டளை.

கம்பெனிக்கு ஒரு வழக்கம் இருந்தது. போகிற ஊரிலேயே மூன்று பேரைப் பிடித்து மேடைக்கு முன்னால் உட்காரவைத்து, கையில் சிலேட்டும் சாக்குக்கட்டியும் கொடுத்துவிடுவான் எலியா. ஒவ்வொரு மல்லுக்கும் இரண்டு பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு அவர்கள் தூக்கிக் காட்ட வேண்டும். எதிராளியை மண்ணில் அழுத்தினால் மட்டும் போதாது, மார்க்கின் கூட்டுத்தொகைதான் தீர்ப்பு. இந்த ஏற்பாட்டால் ஊர்க்காரர்கள் தங்கள் ஆளின் மார்க்கைப் பார்ப்பதற்காகவே மறுநாளும் வருவார்கள்.

பாறசாலையில் ஒரு நாற்காலி ஜவுளிக்கடை சதாசிவனுக்குப் போயிற்று. அவர் தமிழ்ப் பக்கத்துப் போராட்டக்காரர்களில் முக்கியமானவர். அதைப் பார்த்து அடுத்த நாற்காலியை மறுபக்கத்துக்குக் கொடுக்க வேண்டிவந்தது. ரெவின்யூவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கருணாகரன் பிள்ளை வந்து உட்கார்ந்தார். மூன்றாவதாக ஒரு பெண் இருந்தால் குடும்பத்தோடு ஜனம் வரும் என்று எலியா நினைத்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுக்கும் சரோஜத்தின் பெயரை முதலில் சொன்னது சதாசிவன்தான்.

சரோஜத்துக்கு முப்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் அண்ணன் பொன்னையன் வீட்டில் இருந்தாள். பொன்னையன் போராட்டத்தில் ஒருதரம் ஜெயிலுக்குப் போய்வந்தவன். சரோஜம் மறுத்தபோது அவன்தான் அவளைச் சம்மதிக்க வைத்தான்.

“துணி பாதி உடுத்துக்கிட்டு பெண்ணுங்க உருண்டு பெரளுகதுக்கு நான் மார்க்கு போடணுமா?” என்றாள்.

“எட்டி, அது வெறும் வெளையாட்டுக் களிதான். ஆனா நாற்காலி மூணு. ரெண்டு நமக்கு வேணும். சதாசிவன் அண்ணாச்சி ஒண்ணு, நீ ஒண்ணு. மத்தவன் என்ன போட்டா நமக்கென்ன?”

“அப்பம் நான் பாத்து போடாண்டாமா?”

“பாத்துப் போடு. நம்மளப் பாத்துப் போடு, அவ்வளவாக்கும்.”

இரவு ஆட்டத்துக்குப் போலீஸ் அனுமதி கொடுக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அறுத்த வயலில் போட்ட கூடாரத்தில் ஆட்டம் தொடங்கும். முதல் நாள் சரோஜம் முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பேச்சி ஹருக்கோவைத் தலைக்குமேல் தூக்கி வீசியபோது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் ஹருக்கோ எழுந்து நிற்கிறாள். இரண்டாவது தரம் வீசியபோது கண்ணை மூடவில்லை. விழுகிற கணத்தில் ஹருக்கோவின் கை முழுதாக விரிந்து பலகையை அறைந்தது. பெரும் சத்தம். அந்தச் சத்தத்தில் கூட்டம் அலறிற்று. ஆனால் முதுகு பலகையில் பட்டபோது அதில் வேகமே இல்லை என்பதைச் சரோஜம் கண்டுகொண்டாள். பிள்ளைகளை உயரம் தாண்ட வைத்துப் பழகிய கண் அது.

மறுநாள் காலை அவள் வயலுக்குப் போனாள். கூடாரத்துக்குப் பின்னால் பேச்சியும் ஹருக்கோவும் ஒரே பாத்திரத்தில் பழஞ்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஹருக்கோ எழுந்து பாய் போட்டாள்.

“நேத்து நீ விழுந்தியே, அது நெஜமா?” என்று சரோஜம் கேட்டாள்.

பேச்சிதான் பதில் சொன்னாள். “விழுறது நெசந்தாம்க்கா. யாரு விழணும்ங்கிறத எலியா அண்ணன் முன்னாலயே சொல்லிருவாரு.”

“அப்ப எல்லாம் பொய்யாக்கும்?”

ஹருக்கோ தலையை ஆட்டினாள். “பொய் இல்லக்கா. நான் கைய அவகிட்ட குடுக்கறேன். அவ நெனச்சா முறிக்கலாம். முறிக்க மாட்டா. கழுத்தக் குடுக்கறேன், முறிக்க மாட்டா. பாக்கறவங்களுக்கு முறிச்ச மாதிரி இருக்கணும். அதுதான் வேல. ரொம்பக் கஷ்டமான வேல.”

பிறகு இருவரும் எழுந்து மெதுவாகச் செய்து காட்டினார்கள். பிடி விழுமுன் ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டை லேசாக அழுத்துகிறாள். தயாரா என்று கேட்பது அது. பதிலுக்கு ஓர் அழுத்தல் வந்தபின்தான் பிடி விழுகிறது. சரோஜம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவள் மார்க் போட்டது இதற்குத்தான். யார் மேலே, யார் கீழே என்பதைப் பார்க்கவில்லை. எதிரே இருப்பவளின் உடம்பை யார் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று பார்த்தாள். இருவருக்கும் எட்டு. அடுத்த நாள் இருவருக்கும் ஒன்பது.

மற்ற இரண்டு சிலேட்டுகளின் கதை வேறு. பேச்சி தமிழச்சி என்பதால் சதாசிவன் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பத்து போட்டார், ஹருக்கோவுக்குப் பூஜ்யம். கருணாகரன் பிள்ளை அதை அப்படியே திருப்பிப் போட்டார். ஜப்பான்காரி அவருக்கு ஒன்றும் உறவில்லை. தமிழச்சிக்கு எதிரே நிற்கிறாள் என்பது போதுமாயிருந்தது. முதல் நாள் கலந்து உட்கார்ந்த ஜனம் மூன்றாம் நாள் இரண்டாகப் பிரிந்தது. தண்டவாளப் பக்கம் மலையாளக்காரர்கள், ரோட்டுப் பக்கம் தமிழர்கள். நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் தானாக விழுந்தது. ஒரு பக்கம் “பேச்சி! பேச்சி!” என்று கத்தினால், மறுபக்கம் “ஜப்பான் ஜெயிக்கட்டெ!” என்று கத்தினார்கள்.

எலியா இதைப் பார்த்தான். கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நோட்டீஸ் அடித்தான். தமிழ் நோட்டீசில் ‘அந்நிய நாட்டுச் சிங்கத்தை அடக்குவாளா வீரத் தமிழச்சி?’ என்றிருந்தது. மலையாள நோட்டீசில், பாண்டிக்காரியின் கொட்டம் இன்றோடு அடங்கும் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தது.

சரோஜம் அந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். “இது என்னதுவே? நாட்டுல இருக்கது போதாதா உமக்கு?”

“டீச்சரே, ஆளுவ கூடாரத்துக்க உள்ள கத்திட்டு வீட்டுக்குப் போவினும். வெளிய அடிச்சுக்கிடாம இருப்பினும். நல்லதுதானே செய்யுதேன்.”

“உமக்குக் கூட்டம் வேணும். அத நேரே சொல்லும்.”

“ரெண்டும் உண்டு” என்று சிரித்தான். “பயப்படாண்டாம். நாளைக்குச் சமம். ரெண்டு பேரும் ஜெயிக்க மாட்டினும், ரெண்டு பேரும் தோக்க மாட்டினும். பறஞ்சு வச்சாச்சு.”

ஆனால் அன்று மாலையே சதாசிவனின் ஆட்கள் சிலர் பேச்சியைத் தனியாகப் பார்த்தார்கள். சமம் என்ற பேச்சே கூடாது, ஜப்பான்காரியை எழுந்திருக்க முடியாதபடி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் களியக்காவிளை தாண்டி ஊர் போய்ச் சேர மாட்டாய் என்றார்கள். பேச்சி யாரிடமும் சொல்லவில்லை. எலியாவிடம் சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவான், ஹருக்கோவிடம் சொன்னால் அவள் மேடையேற மாட்டாள் என்று பயந்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு இடம் கொள்ளாத கூட்டம். வரப்பின்மேல் லத்தியோடு போலீஸ் நின்றது. பேச்சி மேடையில் ஏறியபோதே முகம் சரியில்லை என்று சரோஜத்துக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் எப்போதும்போல நடந்தது. பேச்சி தூக்கினாள், ஹருக்கோ விழுந்தாள், எழுந்தாள். திடீரென்று தண்டவாளப் பக்கத்திலிருந்து “பாண்டி!” என்று ஒரு கூச்சல். கூடவே ஒரு தேங்காய்ச் சிரட்டை பறந்து வந்து பேச்சியின் புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ரோட்டுப் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. “முறிச்சுப் போடுட்டி! விடாத!” என்று சதாசிவன் நாற்காலியிலிருந்தே கத்தினார்.

அந்த நேரத்தில்தான் ஹருக்கோ, ஏற்கெனவே பேசிவைத்த பிடிக்காக வலது கையை நீட்டினாள். பேச்சியின் மணிக்கட்டை அழுத்தினாள். பேச்சியின் விரல்கள் பதில் அழுத்தவில்லை. அவள் அந்தக் கையைப் பின்னால் வளைத்தாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. காய்ந்த தென்னை மட்டை ஒடிவதுபோல ஒரு சத்தம். ஹருக்கோ அலறினாள். இதுவும் களிதான் என்று நினைத்து ஜனம் அதைவிடப் பெரிதாக அலறியது. இருவரும் நிலைதடுமாறி மேடையின் மூலைக் கம்பத்தை நோக்கிச் சாய்ந்தார்கள். பேச்சியின் பின்னந்தலை நேராகக் கம்பத்தின் இரும்புப் பூணில் போய் இடிக்க இருந்தது. ஹருக்கோவின் இடது கை, முறியாத கை, அவள் தலைக்கும் இரும்புக்கும் நடுவே போயிற்று. விரல்கள் நசுங்கின. பேச்சியின் தலை அந்த விரல்கள்மேல் விழுந்தது.

இதைப் பார்த்தவள் சரோஜம் ஒருத்திதான். அவள் நாற்காலி அந்த மூலையில் இருந்தது.

எலியா ஓடிவந்தான். ஹருக்கோவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பயத்தில், சமம் என்று பேசிவைத்ததை விட்டு, ஜெயித்தவள் என்று பேச்சியின் கையைப் பிடித்துத் தூக்கினான். ரோட்டுப் பக்கத்தில் துண்டுகள் பறந்தன. மார்க், மார்க் என்று சத்தம் எழுந்தது. சதாசிவன் பேச்சிக்குப் பத்தும் ஹருக்கோவுக்குப் பூஜ்யமும் தூக்கினார். கருணாகரன் பிள்ளை வழக்கம்போல மாற்றித் தூக்கினார். எல்லாக் கண்களும் சரோஜத்தின்மேல் திரும்பின. பொன்னையன் முன்வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

சரோஜம் சாக்குக்கட்டியை எடுத்தாள். எழுதி முடித்துச் சிலேட்டைத் தலைக்குமேல் தூக்கினாள். ஹருக்கோவுக்குப் பத்து. பேச்சிக்குப் பூஜ்யம்.

தண்டவாளப் பக்கம் குதித்தது. “ஜப்பான் ஜெயிச்சே!” என்று யாரோ பறை கொட்டினார்கள். சதாசிவன் எழுந்து, “ஏட்டி, கண்ணு பொட்டையா உனக்கு?” என்றார்.

“கைய நம்பிக் குடுத்தவளுக்க கைய ஒடிச்சா. அதுக்கு என்ன மார்க்கு உண்டு? நீங்க பறையுங்க” என்றாள் சரோஜம்.

அதற்குள் பொன்னையன் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டான். அத்தனை ஜனம் பார்க்க அவள் கன்னத்தில் அறைந்தான். சிலேட்டு விழுந்து உடைந்தது. “நம்ம வீட்டுச் சோத்த தின்னுட்டு அவனுவளுக்கு ஜெயம் வாங்கிக் குடுக்குதியா?” இன்னொரு அறைக்குக் கை ஓங்கியபோது மேடையிலிருந்து இறங்கிவந்த பேச்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். “போதும் ஐயா. அந்தக்கா போட்டது சரிதான். நாந்தான் ஒடிச்சேன்” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெஞ்சுகள் பறக்கத் தொடங்கியிருந்தன. கூடாரத்தின் கயிறுகளை யாரோ அறுத்தார்கள். துணி சரிந்து விழுந்தது. போலீஸ் வயலில் இறங்கி, எந்தப் பக்கம் என்று பாராமல் அடித்தது.

அந்தக் களேபரத்தில் சரோஜமும் பேச்சியும் ஹருக்கோவை ஒரு வில்வண்டியில் ஏற்றினார்கள். பேச்சி வழியெல்லாம் அந்தக் கையை மடியில் வைத்து ஆடாமல் பிடித்துக்கொண்டாள். “நான் அழுத்துனேன், நீ ஏன் அழுத்தல?” என்று ஹருக்கோ ஒரே ஒருமுறை கேட்டாள். பேச்சி தலையைத் தலையை ஆட்டினாள்.

எலும்பு முறிவுக்கு அந்தப் பகுதியில் நேசமணி ஆசான்தான் பெயர்பெற்றவர். வண்டியில் யார் என்று எட்டிப் பார்த்தவர் முகம் இறுகியது.

“ஜப்பான்காரியா? எனக்க தம்பி ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில செத்தான். சவத்த மண்ணுல தள்ளுனானா, ஆத்துல தள்ளுனானாண்ணுகூட தெரியாது. எடுத்துட்டுப் போங்க.”

“ஆசானே, இவளுக்க அப்பனும் அந்த யுத்தத்துலதான் போனான்” என்றாள் சரோஜம். “இவ ஆரையும் கொல்லல்ல. எலும்பு விலகிக் கெடக்கு. நீங்க தொடாம இருந்தா கை போவும்.”

ஆசான் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். கையைச் சரிசெய்யும்போது ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மூச்சை இழுத்துப் பிடி என்றுகூடச் சொல்லவில்லை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். “கெட்டு அவிழ்க்க வேற ஆள பாருங்க. இந்த நடைக்கு இனி வரப்பிடாது” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சரோஜம் வீட்டுக்குப் போனபோது அவள் தகரப் பெட்டி முற்றத்தில் கிடந்தது. அண்ணி அம்மிணி அடுக்களைச் சன்னலில் நின்றாள்.

“மைனி, நீங்களுமா?”

“நான் என்ன செய்ய மக்கா. அவருக்க முன்னால எனக்கு வாயுண்டா?” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாறசாலையில், உடன் வேலைபார்க்கும் ஓமனக்குட்டி டீச்சரின் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. இரண்டு நாள் கழித்துக் கருணாகரன் பிள்ளை ஐந்தாறு பேரோடு அங்கே வந்தார். ஒருவன் கையில் ரோஜாப்பூ மாலை.

“டீச்சர் ஞங்ஙளுடெ ஆளாணு, எங்க ஆளு” என்றார் அவர். “ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் உண்டு. மேடையில் வந்து ரெண்டு வார்த்தை பேசணும். நேர் பறைஞ்சதுக்கு தமிழன்மார் அடிச்சான், வீட்டை விட்டு இறக்கினான். அது மதி, அது போதும்.”

சரோஜம் மாலையை வாங்கவில்லை. “சிரட்டை எறிஞ்சது ஆரு?” என்று கேட்டாள்.

“அது... கூட்டத்தில் யாரோ பயல்.”

“உங்க பக்கத்துலயிருந்துதான் வந்துது. பேச்சிக்குப் புருவம் கிழிஞ்சு ரத்தம் கண்ணுல எறங்கினப்போ நீங்க சிரிச்சத நான் பாத்தேன். ஹருக்கோ கை ஒடிஞ்சு கெடந்தப்போ பறை கொட்டினது யாரு? ஒரு ஆளு ஓடி வந்து தூக்கினதுண்டா? எனக்க கையில இன்னொரு சிலேட்டு இருந்துதுண்ணா உங்களுக்கும் அதே பூஜ்யம்தான் போட்டிருப்பேன்.”

கருணாகரன் பிள்ளையின் முகம் மாறியது. “பாண்டி புத்தி போவுமோ!” என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். மாலையை வைத்திருந்தவன் அதை வேலிமேல் வீசிவிட்டுப் போனான்.

அதற்குப்பின் அவளை இரு பக்கமும் வேண்டாதவளாக்கின. ரோட்டுப் பக்கத்துக்காரர்கள் அவளைத் துரோகி என்றார்கள். தண்டவாளப் பக்கத்துக்காரர்கள் குஸ்திக்காரிகளோடு கூத்தாடுகிறவள் டீச்சரா என்று மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார்கள். பள்ளி திறந்தபோது அவளைத் தூரத்திலிருந்த ஒரு பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். தினமும் பஸ் ஏறிப் போய்வந்தாள். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

ஹருக்கோவும் பேச்சியும் ஒரே ரயிலில் போனார்கள். ஸ்டேஷனில் பேச்சி ஒரு இட்லியைப் பிட்டு ஹருக்கோவின் வாயில் வைத்தாள். ஹருக்கோ முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே வாயைத் திறந்தாள். சரோஜம் பிளாட்பாரத்தில் நின்றாள். வண்டி நகர்ந்ததும் பேச்சி சன்னல் வழியாக இரண்டு கைகளையும் கூப்பினாள்.

ஆடி மாதத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். ஊர் ஊராகப் புகுந்து பிடித்தபோது பொன்னையனும் அகப்பட்டான். சரோஜம் அடுக்குப் பாத்திரத்தில் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை ஜெயிலுக்குப் போனாள். அவன் உதடு வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்தபடி இருந்தான்.

“நீ ஆருக்க ஆளா இங்க வந்தே?” என்று கேட்டான்.

“உனக்க தங்கச்சியாட்டு வந்தேன். சோத்த வாங்கு.”

“எனக்கு தங்கச்சி இல்ல.”

“செரி, இல்ல. சோத்த வாங்கு.”

அவன் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு கைதி கையை நீட்டி வாங்கிக்கொண்டான். நன்றாகப் பசித்திருந்தவன் போல. பொன்னையன் பார்த்துக்கொண்டிருக்கவே, முள்ளை ஒதுக்கி ஒதுக்கித் தின்றான். பாத்திரம் காலியாகிற வரை சரோஜம் அங்கேயே நின்று, வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாளும் எடுத்துப் போனாள். அவனை வெளியே விடும்வரை போனாள். அவன் ஒருநாளும் தொடவில்லை.

பின்னால் எல்லைக் கோடு போட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயிற்று. பாறசாலையும் செங்கலும் இந்த மலையாளப் பக்கமே நின்றுவிட்டன. இனி இங்கே ஒரு நாளும் இருக்க மாட்டேன் என்று பொன்னையன் வீட்டையும் தென்னை விளையையும் விற்றான். சாமான் ஏற்றிய மாட்டுவண்டி பாறசாலை வழியாகத்தான் போக வேண்டும். சேதி கேட்டுச் சரோஜம் ரோட்டோரம் வந்து நின்றாள். வண்டி அருகே வந்ததும் அம்மிணி புருஷனைக் கேட்காமலேயே குதித்து இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். பொன்னையன் முன்னால் உட்கார்ந்து நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது ஓரம் நரைத்திருந்தது.

“அண்ணா” என்று சரோஜம் கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை. அம்மிணி ஏறும்வரை மட்டும் காத்திருந்தான். பிறகு வண்டிக்காரனிடம், “விடுலே” என்றான்.

வண்டி களியக்காவிளைப் பக்கம் போயிற்று. சரோஜம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் பஸ் வருகிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்தாள்.